கடை மாமா தன் நாய்க்கு வைத்த பெயர்

அருப்புக்கோட்டையிலிருந்து வரும் சாயங்கால பஸ் பரளச்சியில் நின்றபோது கடை மாமாவின் மளிகைக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் அது இறங்கி நான் பார்த்ததே இல்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டரை ஒட்டி அவருடைய நாய் படுத்திருந்தது. வழக்கம்போல அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "ஏலே செல்லப்பாண்டி."

அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. கூட்டத்திலிருந்து அம்மா வந்து என் கையைக் கிள்ளினாள். "வாயை மூடு. மாமா போயிட்டாக. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவுக எந்திரிக்கல."

செல்லப்பாண்டி என்பது கடை மாமாவின் சொந்தப் பெயர். அதைத் தூக்கி நாய்க்கு வைத்தது நானில்லை, அவரேதான். அவரோடு பழகிய ஊர்க்காரர்கள் உங்களுக்கு இது தெரியும். ஏன் வைத்தார் என்று மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. வயதானதில் புத்தி பிசகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் நரிக்குடியில் இருந்த அவருடைய அண்ணன் இறந்துபோனார். காரியம் முடிந்து திரும்பிவந்து கடையைத் திறந்தபோது, வாசலில் காலிச் சாக்குக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. செவலை நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. யார் கொண்டுவந்து போட்டார்களோ தெரியவில்லை. பெயர் வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களுக்கும் பெயர் வைத்தவள் என்ற தகுதி எனக்கு இருந்தது.

மணி என்றேன். "மணின்னு கத்துனா இந்தத் தெருவுல நாலு பேரு என்னன்னு கேட்டு வருவான்" என்றார். கருப்பு என்றேன். அது காவல் தெய்வத்தின் பெயர், பகலில் அதை வெரட்டிவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவது என்று கேட்டார். டைகர் வேண்டாமாம். தையல்கடை டைகர் பூனையைக் கண்டு ஓடியதிலிருந்து அந்தப் பெயருக்கு மரியாதை போய்விட்டதாம். கடைசியில் ஜிஎஸ்டி என்று வைக்கச் சொன்னேன். எந்தச் சாமானை எடுத்தாலும் பின்னாலேயே வருமே. தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதைக் கூப்பிடவே வேண்டாம் தாயி. தானா வரும்."

அன்றைக்குத்தான் அந்த மனுஷரும் என்னைப் போல நக்கல் கட்சி என்று தெரிந்துகொண்டேன்.

இப்படியே குட்டி பெயரில்லாமல் வளர்ந்தது. ஒரு நாள் நான் சீனி வாங்க நின்றபோது, பொட்டலத்துக்கு நூல் சுற்றியபடி அவரே சொன்னார். "செல்லப்பாண்டின்னு வைப்போம்."

"அது உங்க பேரு மாமா."

"ஆமா. சும்மாதானே கெடக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி கடைசி மூச்சுவரை 'ஏங்க' என்றே கூப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அவர் அப்பா. மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் கடை மாமா. எனக்கும் மாமா, என் அம்மாவுக்கும் மாமா. பெயர் சொல்லிக் கூப்பிட அவரைவிட மூத்தவர்கள் வேண்டும். ஒவ்வொருவராகப் போய், மிஞ்சியிருந்தது அண்ணன் ஒருவர்தான்.

"அண்ணன் இருந்த மட்டும் போன்லயாவது 'ஏலே செல்லப்பாண்டி'ன்னு காதுல விழுந்துச்சு. இனிமே கூப்பிட மேல ஆளு இல்ல" என்றார். நூலை அறுத்துப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். சீனியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவர் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. பெயரை வைத்துவிட்டால் ஊரே கூப்பிடும் என்று நினைத்துவிட்டார். ஒருவரும் கூப்பிடவில்லை. பெரியவர் பெயரைச் சொல்லி நாயை எப்படி அதட்டுவது? பெண்கள் "ஏ, இவனே" என்றார்கள். என் அம்மாவுக்கு அது 'கடை நாயி'. சொல்லிப் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் அடி விழுந்தது. மாமாவும் வெறுமனே "வாடா" என்றுதான் கூப்பிட்டார். தன் பெயரைத் தானே கூப்பிட்டால் என்ன ருசி இருக்கும்? மிச்சம் நான் ஒருத்திதான். அடிக்கும் பயமில்லை, திட்டுக்கும் வெட்கமில்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டிலிருந்தே கத்துவேன். வாசலில் நாய் திரும்பும். உள்ளே மாமாவும் திரும்புவார்.

"உங்கள இல்ல மாமா, நாயை" என்பேன்.

"தெரியும். சும்மா நிமிந்து பாத்தேன்" என்பார்.

திருப்பூரிலிருந்து மகன் முருகேசன் அண்ணன் வந்து எல்லாம் செய்தார். கருமாதி முடிந்ததும் நாயையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குள் அது கண்மாய்ப் பக்கம் போய் சீமைக் கருவேல மரங்களுக்குள் புகுந்துகொண்டது. மருமகள் ராக்கி என்று புதுப் பெயர் வைத்து, பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. வேன் வந்து நின்றபோது முருகேசன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நீதான் அதைக் கூப்பிடுவியாமே?"

அம்மா முந்திக்கொண்டு, துக்க வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் நல்லாவா இருக்கும் என்றாள். "சொல்லட்டும்க்கா" என்றார் அவர்.

கண்மாய்க் கரையில் நின்று கூப்பிட்டேன். முதல் தடவை மரங்களுக்குள் ஒன்றும் அசையவில்லை. அடுத்த தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஏலே செல்லப்பாண்டி, வாலே."

உடம்பெல்லாம் முள்ளும் புழுதியுமாக, வயிறு ஒட்டிப்போய் வந்து என் காலடியில் நின்றது. அண்ணன் நாயைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் வற்றிய கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை கூப்பிடு."

"வந்துருச்சேண்ணே."

"தெரியும். கூப்பிடு."

கூப்பிட்டேன். பக்கத்திலேயே நிற்கும் தன்னை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று நாய் என் முகத்தைப் பார்த்தது.

வேன் நாய் இல்லாமல்தான் போனது. "அங்க இவனை யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவா? என்னாலயும் ஆகாது, அவளாலயும் ஆகாது. உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு செவலை நாயும் அவருடைய பெயரும்தான். நான் படித்து வேறு ஊருக்குப் போகும்வரை பரளச்சியில் அந்தப் பெயர் சும்மா கிடக்காது. இன்றும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டிலிருந்தே கத்தினேன். ஷட்டர் மூடிய கடை வாசலிலிருந்து நாய் திரும்பிப் பார்த்தது. அது மட்டும்தான் திரும்பியது.