சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸ்

எமெரென்சியானா என்பது நாட்காட்டியைப் பார்த்து வைத்த பெயர். பிறந்த நாளில் எந்தப் புனிதையின் திருநாள் வருகிறதோ அதுதான் பிள்ளைக்குப் பெயர் என்று அவள் அப்பா அடம்பிடித்தார். வாய் வலிக்காமல் கூப்பிட ஊரார் எமெங் என்று சுருக்கிக்கொண்டார்கள். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து இரண்டுதான், அந்தப் பெயரும் அந்த அடமும்.

பிள்ளை பிறப்பதற்கு முன் பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் கால் சென்டரில் இருந்தவள். பிள்ளை வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஆன்டிகே கடற்கரைக்கு, புருஷன் ரொடேலின் வீட்டுக்கே வந்துவிட்டாள். ரொடேல் டிரைசிக்கிள் என்கிற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். வீட்டில் பேசுவதெல்லாம் அவன் அம்மா சலூத். வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் நானாய், அதாவது அம்மா.

நானாய்க்கு ஒரே ஆசை. மருமகள் ஹாங்காங் போய் ஏதாவது ஒரு வீட்டில் வேலைக்குச் சேர வேண்டும். தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போயிருந்தார்கள். ஆள் அனுப்புகிற தரகனிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

"அடுத்தவங்க பிள்ளைக்குத் தலை சீவிவிட நான் பிளேன் ஏற மாட்டேன் நானாய்," என்றாள் எமெங். "என் பிள்ளை தலையிலயே நிறைய பேன் இருக்கு. அதைப் பாத்துக்கிறேன்."

வளர்த்த பன்றியை விற்றுப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாள். எங்கோ இருக்கிற முதலாளிகளுக்குத் தன் வீட்டிலிருந்தே போன் எடுப்பது, கடிதத்துக்குப் பதில் எழுதுவது, யாரை எந்த நேரத்துக்கு வரச்சொல்வது என்று குறித்துவைப்பது, இதுதான் தொழில். முதலில் வந்தவன் மாதிரிக்குக் கொஞ்சம் செய்து காட்டு என்றான். ராத்திரி பகலாய்ச் செய்து அனுப்பினாள். வாங்கிக்கொண்டவன் ஆளே காணோம். அதோடு சரி. அப்புறம் எவன் மாதிரி கேட்டாலும் ஒரே பதில்தான்: "என் சோறு நல்லா இருக்குமான்னு வேற வீட்ல விசாரிச்சுட்டு வாங்க. ஓசியில பந்தி கிடையாது."

அப்படிச் சண்டை போட்டுப் போட்டே ஆட்களைப் பிடித்தாள். மெழுகுவத்தி விற்கிற ஒரு பெண், வாடகை வீடுகள் பார்க்கிற ஒரு கிழவர். பிறகு வந்தான் ட்ரெவர், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் குழாய்க்காரன். அவன் ஊர்க் கடிகாரமும் இந்த ஊர்க் கடிகாரமும் ஒரே மணி காட்டும், அதனால் பகலிலேயே வேலை. வீட்டு அரிசியே அவன் வேலையில்தான் வந்தது.

ஆனால் அவன் போட்ட நிபந்தனை அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. போனை எடுத்தால் தன் பெயர் கேட் என்று, வெள்ளைக்காரப் பெயராகச் சொல்ல வேண்டும். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால் இங்கேதான், ஆபீசிலிருந்து என்று சொல்ல வேண்டும். பின்னால் ஒரு சத்தமும் கேட்கக்கூடாது.

பக்கத்து வீட்டு அம்போய் கிழவர் சண்டைச் சேவல் வளர்க்கிறவர். அவர் தோட்டம் முழுக்கச் சேவல். ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் கூவும். போய்க் கெஞ்சினாள்.

"என் சேவல் கூவுறதுக்கு உன் வெள்ளைக்காரன்கிட்ட நான் பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் அவர்.

எனவே படுக்கையறைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வேர்த்து ஒழுக உட்கார்ந்து பேசினாள். சேவல் சத்தம் கேட்கிறதே என்று யாராவது கேட்டால், ரேடியோ என்று சொன்னாள். மூடிய கதவைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? எமெங் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு கேமராவில் வெள்ளைக்காரன்களோடு கொஞ்சுகிறாள் என்று பேச்சு பரவியது. நானாய் சந்தைக்குப் போகவே கூசினாள்.

அப்போதுதான் புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருண்டுபோனது. புயல் போன மறுநாள் அம்போய் கிழவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். லேப்டாப்பில் உயிர் இல்லை. ட்ரெவரின் போன்கள் எடுக்க ஆளில்லாமல் அடித்து ஓய்ந்தன. 'இன்றைக்கும் எடுக்காவிட்டால் உள்ளூர் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவேன்' என்று, சிக்னல் மட்டும் போகாமல் இருந்த அவள் கைபேசிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் நானாய். "ஹாங்காங்காரனுக்குச் சரின்னு சொல்லிடவா?"

எமெங் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் வெளிச்சம் இருந்தது. சவப்பெட்டிக்கு மேல் விளக்கு அணையக்கூடாது என்று அம்போய் வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே போனாள்.

கிழவரின் மனைவி கொன்சிங் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"கொன்சிங் அக்கா, கேக்கவே வாய் வரல. ஒரு பிளக் மட்டும்..."

கொன்சிங் லேப்டாப்பைப் பார்த்தாள், உள்ளே சவப்பெட்டியைப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு பல்பு போதும். உயிரோட இருந்தப்போ உனக்கு உபகாரமாவா இருந்தார் மனுஷன்? இப்பவாவது இருக்கட்டும். சொருகு."

பெட்டியின் தலைமாட்டில்தான் பிளக் இருந்தது. எமெங் லேப்டாப்பைச் சொருகி, கைபேசியின் நெட்டில் இணைத்து, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிணத்தைத் தனியே விடக்கூடாது என்று விழித்திருக்க வந்தவர்களால் சாவு வீடு நிறைந்திருந்தது. ஒரு மேசையில் சீட்டு, ஒன்றில் மஹ்ஜோங் என்கிற சீனக் கட்டை ஆட்டம், எல்லார் கையிலும் காபி. சீட்டு மேசையிலிருந்து நானாய் எழுந்து வந்தாள்.

"சாவு வீட்ல கம்ப்யூட்டரா? மானத்தை வாங்காதே, எழுந்திரு."

"இங்க சீட்டு ஆடலாம், மஹ்ஜோங் ஆடலாம், நான் மட்டும் வேலை பாக்கக்கூடாதா?"

"அதெல்லாம் வழக்கம்டி."

"இன்னையிலேர்ந்து இதையும் வழக்கம்னு வச்சுக்குங்க நானாய்."

போன் அடித்தது. கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கொஞ்சலைக் கேட்கப் போகிறோம் என்று.

"எப்பலேர்ந்து அடைச்சிருக்கு சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் எமெங். "தண்ணி மேல ஏறி வருதா, மெதுவா இறங்குதா? சரி. பசங்க ஏதாவது உள்ள போட்டுட்டாங்களா? பொம்மையா?"

புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொன்னார்கள். "கக்கூஸ் அடைப்பாம்."

அடுத்த போனும் அடைப்பு. அதற்கடுத்தது சமையலறைக் குழாய். சீட்டு மேசைக் கிழவர் ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "இதுக்காம்மா கதவைச் சாத்திக்கிட்டே? நாங்க என்னென்னவோ நெனச்சுட்டோம்."

"நெனச்சதையெல்லாம் ஊர் பூரா சொன்னீங்கல்ல, இதையும் போய்ச் சொல்லுங்க."

மறுபடி போன். பேசியது ஒரு வயதான அம்மாள், வெந்நீர் வரவில்லை என்று. அப்போது பார்த்துத் தோட்டத்தில் ஒரு சேவல் கூவியது. அதைக் கேட்டு மிச்சமும்.

"அது சேவலா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

ரேடியோ என்று சொல்ல எமெங்குக்கு வாய் திறந்தது. கண் பக்கத்தில் போனது. பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் கிழவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவர் சேவலை, அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, இல்லை என்று சொல்வதா? வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆமாம்மா, சேவல்தான். பக்கத்து வீட்டுக்காரரோடது. அவர் இறந்துட்டார், அவர் வீட்லேர்ந்துதான் பேசறேன். பிலிப்பைன்ஸ்ல இருக்கேன். ட்ரெவர் மத்தியானத்துக்குள்ள உங்க வீட்டுக்கு வந்துடுவார்."

அந்த அம்மாள் ட்ரெவரிடம் என்ன சொன்னாளோ, அவன் உடனே வீடியோவில் வந்தான்.

"கேட், நான் சொன்னது என்ன, நீ பண்றது என்ன? எங்க இருக்கே? கேமராவைத் திருப்பு."

திருப்பினாள். சவப்பெட்டி, மெழுகுவத்திகள், சீட்டு மேசை, காபியோடு நிற்கிற நானாய், எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"அது நிஜ சவப்பெட்டியா?"

"ஆமா சார். நீங்க என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, அந்தச் சேவல்காரர்."

"அடடா. சரி, நீ லீவு எடுத்துக்கோ."

"லீவு கேக்கல சார். காலையிலேர்ந்து வந்த போன் ஒண்ணைக்கூட விடல. என் பேரைத்தான் கேக்கறேன். கேட் செத்துட்டா. அவளையும் இங்கயே படுக்க வச்சிடலாம், பக்கத்துல இடம் இருக்கு. இனிமே எமெரென்சியானாதான் போன் எடுப்பா. எங்க இருக்கேன்னு கேட்டா சொல்லுவா. பிடிக்கலைன்னா அடுத்த போன் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க."

நானாய் அவள் தோளைக் கிள்ளினாள். "வேலை போயிடும்டி."

"அந்தப் பேரை எவனாலயும் சொல்ல முடியாது," என்றான் ட்ரெவர்.

"உங்க ஊர்த் தெருப் பேரெல்லாம் நான் சொல்லலையா?"

ட்ரெவர் மூச்சு விடுவது கூடத்துக்கே கேட்டது. "வாரக் கடைசி வரைக்கும் பாப்பேன். கூப்பிடற ஆளுங்க குறைஞ்சா ஏஜென்சிதான்."

"பாருங்க," என்றாள் எமெங். போன் அடித்தது. எடுத்து, கூடமே கேட்கும்படி முழுப் பெயரையும் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ திணறித் திணறித் திருப்பிச் சொன்னார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது கொன்சிங் எழுந்து வழியனுப்பவில்லை, எமெங் நன்றி சொல்லவில்லை. சாவு வீட்டில் இரண்டும் ஆகாது. அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனால் செத்தவர் கூடவே வந்துவிடுவார் என்பதால் மாமியாரும் மருமகளும் தெருமுனை ரொட்டிக்கடையில் நின்றார்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஹாங்காங்காரனை வாரக் கடைசி வரைக்கும் பொறுக்கச் சொல்லட்டா?" என்று மெல்லக் கேட்டாள் நானாய்.

"வரலைன்னே சொல்லிடுங்க. ட்ரெவர் போனா இன்னொரு குழாய்க்காரன். குழாய் அடைக்காத ஊர் எங்க இருக்கு?"

நானாய் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். கடைக்காரன் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சாவு வீட்லேர்ந்தா?" என்று கேட்டான்.

"நான் சாவு வீட்லேர்ந்து வர்றேன்," என்றாள் நானாய். "இவ வேலையிலேர்ந்து வர்றா. சூடா இருக்கிறதா எடுத்துக் குடு."