எங்கள் ஊரில் எடுத்த வாலிபால் படம்

ஈர மணலில் பந்து விழுந்தால் பெரிய சத்தம் வராது. யாரோ கனத்த மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு 'பொத்' மட்டும் கேட்கும். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த களத்தில், கடல் தொழிலுக்குப் போகாத நாட்களில் சாயங்காலம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே பழைய வலையை வெட்டிக் கட்டிய 'நெட்டு', கோட்டுக்குப் பதிலாக மணலில் பாதி புதைத்த கயிறு, அவ்வளவுதான் களம். மிக்கேல் பந்தை விரல் நுனியால் மேலே எடுத்துக் கொடுப்பான், என் அண்ணன் ஜெரால்டு எழும்பி அடிப்பான். எதிர்ப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பந்தைப் பார்க்காமல் அண்ணன் கையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டதால், எங்களுக்குச் சோறு போட்டதும் அதே கைதான்.

அண்ணனும் மிக்கேலும் டீமில் இருந்த இன்னும் மூன்று பேரும் ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போனவர்கள். ஐப்பசியில் ஒரு நாள் போன 'போட்டு' திரும்பி வரவில்லை. தேடிப் போன படகுகளும் சும்மா வந்தன. பாம்பன் பக்கம் படகின் பெயர் எழுதிய பலகைத் துண்டு ஒன்று ஒதுங்கியது. உடல் ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

எங்கள் தெருவில் உடல் வராத ஆளுக்கு ஒப்பாரி கிடையாது. இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பெயரைச் சேர்ப்பதும் கிடையாது. பேச்சில்கூட 'இருந்தான்' என்று சொல்லிவிடக் கூடாது, 'இருக்கான்' என்றுதான் சொல்ல வேண்டும். "ஆளைப் பாக்காம அழக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இலங்கைக் கரையில் ஒதுங்கியிருக்கலாம், அங்கே ஏதாவது ஜெயிலில் கிடக்கலாம், நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் இருக்கலாம் என்று ஐந்து வீடுகளும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்ளும். மிக்கேலின் அம்மா செலின் சித்தி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து, "மிக்கேலு இருக்கான்ல, அவன் உன் மகனைப் பட்டினி போட மாட்டான் அக்கா" என்பாள். அம்மாவும், "ஜெரால்டு மட்டும் விட்டுருவானா" என்பாள். அந்த இரண்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் மீன் கூடையைத் தூக்கினார்கள். களத்தில் யாரும் விளையாடவில்லை. நெட்டை அவிழ்க்கவும் யாருக்கும் கை வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். படகு கவிழ்ந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு மீனவக் கிராமம், மிஞ்சிய பையன்களைச் சேர்த்து வாலிபால் டீம் கட்டி, மதுரையில் கோப்பை வாங்கித் தலைநிமிர்வதுதான் கதை. டைரக்டர் நல்ல மனிதர், கெட்ட வார்த்தை பேச மாட்டார், பெண்களைப் பார்த்தால் கும்பிடுவார். எங்கள் களத்துக்குப் புதுக் கம்பும் புது நெட்டும் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பையன்கள் சட்டையில் நம்பர் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குதித்தார்கள். ஒரே 'பாயிண்டை' இருபது தடவை எடுத்தார்கள். பந்து ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் விழுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாவுக் காட்சிக்கு ஊர்ப் பெண்களையே உட்காரச் சொன்னார்கள். அதற்காக எங்கள் வீட்டுக்கு வந்த மெட்ராஸ் உதவியாளர், "சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்மா, டயலாக்கே கிடையாது" என்றார்.

"யாருக்காக உக்காரச் சொல்றிய?" என்றாள் அம்மா.

"கதையில அந்தோணின்னு ஒரு பையன்மா. அவன் பாடி கரையில கிடைச்சிடும்."

"அவன் அம்மா குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

செலின் சித்தி உட்கார ஒத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நெசத்துக்கா அழப் போறோம் அக்கா, படத்துக்குத்தான" என்று சித்தி சமாதானம் சொன்னாள்.

கோயிலுக்கு முன்னால் சவப்பெட்டியை வைத்து அந்தோணியாக நடித்த பையனைப் படுக்க வைத்தார்கள். கருவாடு காய்கிற இடம், ஈக்குக் கேட்க வேண்டுமா. மூக்கில் ஈ உட்கார உட்கார அவன் முகம் கோணியது. "ஏலே செத்தவனே, கொஞ்ச நேரம் செத்துத்தான் கிடயேன், எங்களுக்குச் சோலி இருக்குல்ல" என்று சித்தி சொல்ல, பெண்கள் எல்லாரும் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெட்டிக்குள் இருந்தவனும் சிரித்தான். டைரக்டரும் சிரித்துவிட்டு, மறுபடி எடுக்கலாம் என்றார்.

இரண்டாவது தடவை சித்தி, "அந்தோணி, என் ராசா" என்று ராகம் எடுத்தாள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு கூடவே இழுத்தார்கள். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு பெட்டி இருந்தது, அதில் இருபது வயதுப் பையன் ஒருவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். இரண்டு வருடமாக அழ இடமில்லாமல் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ராகத்தில் அந்தோணி நின்று போய் மிக்கேல் வந்தான். "மிக்கேலு, உன்னை மீன் தின்னுச்சோ, மண் தின்னுச்சோ" என்று சித்தி தலையைப் பெட்டியில் மோதினாள். மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் பிள்ளை பெயரைச் சொன்னார்கள். உள்ளே படுத்திருந்த பையன் பயந்துபோய்க் கண்ணைத் திறந்துவிட்டான்.

வீட்டுக்குள் இருந்த அம்மாவுக்கு அது கேட்டது. அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்து, கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவில் புகுந்து, சித்தியின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"பேரைச் சொல்லாதடி. நீ அவனைச் சொன்னா எவனும் வர மாட்டான்டி."

சித்தி கையை விலக்கிவிட்டு, "அவன் வர மாட்டான் அக்கா" என்றாள். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தி மிக்கேலுக்குப் பூசை கொடுத்தாள். மற்ற மூன்று வீடுகளும் அடுத்தடுத்துக் கொடுத்தன. ஒரே படகில் போன ஐந்து பேரில் நான்கு பேர் செத்துவிட்டால் ஐந்தாவது ஆள் மட்டும் எப்படி உயிரோடு இருப்பான் என்று யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை; கேட்காமல் விட்டதே அவளுக்குப் புரியப் போதுமானதாக இருந்தது. அவள் சித்தியோடு பேச்சை விட்டாள். தெருவில் அண்ணனை 'இருக்கான்' என்று சொல்ல அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். திருப்பூர் பனியன் கம்பெனி, குஜராத்தில் இறால் உரிக்கிற கம்பெனி, சென்னையில் வீட்டு வேலை என்று சுற்றினேன், எதிலும் நிலைக்கவில்லை.

படத்தை நான் பார்த்தது சேலம் போகிற பஸ்ஸில். வீடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோயில் வந்தது, பெட்டி வந்தது, அம்மா ஓடிவந்தாள். ஒப்பாரியை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். பெண்களின் வாய் திறந்து திறந்து மூடியது, அம்மாவின் வாயும் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சிந்தினாள். கடைசி பாயிண்டில் கிராமமே களத்துக்குள் ஓடிவந்து கோப்பையைத் தூக்க, பஸ்ஸில் சிலர் கைதட்டினார்கள். அந்தோணி உயிரோடு இருந்திருந்தால் அவனும் தட்டியிருப்பான் என்று தோன்றியது.

போன மாசியில் அம்மா செத்துப்போனாள். நான் வந்து சேர்ந்தபோது செலின் சித்தி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருடம் பேசாதவள், முகத்தைத் துடைத்து, தலை சீவி விட்டு, பிறகு ராகம் எடுத்தாள்: "மகன் போன இடத்துக்கே போயிட்டியா அக்கா, ஜெரால்டு உன்னை அடையாளம் கண்டுக்கிட்டானா." சொல்லிவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து போய் அவள் வாயைப் பொத்தியிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணன் பெயரைச் சொல்லி அழுதேன்.

மறுநாள் ஃபாதரைப் பார்க்கக் கோயிலுக்குப் பின்பக்கமாகப் போனேன். களம் இல்லை, கருவாடு காயப்போடச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் நட்ட கம்புகளும் இல்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அங்கே விளையாடினார்கள் என்பதே தெரியாது.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துப் பூசை வேண்டும் என்றேன். ஃபாதர் ஊருக்குப் புதியவர், சின்ன வயது.

"அம்மா தவறினது தெரியும். அண்ணன் எப்ப தவறினார்?" என்றார்.

"நேத்து, ஃபாதர்" என்றேன்.