கால்மாட்டில் வரைந்த அம்புக்குறி

கடிகார முள் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை நான் என் முப்பத்தாறாவது வயதில்தான் சரியாகக் கற்றுக்கொண்டேன். அதற்குள் எலும்பு அறுவை மருத்துவனாகி எட்டு வருடம் ஓடியிருந்தது. என் மேசை இழுப்பறையில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடக்கிறது. துருப்பிடிக்கக்கூடாது என்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்வதென்றால் இந்த வெட்கக்கேட்டிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

திருச்சியில் எனக்கென்று ஓர் அறையும், கதவில் பித்தளைப் பெயர்ப்பலகையும், பார்த்ததும் எழுந்து நிற்க நான்கு பேரும் இருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தைகளின் எலும்பு அறுவையில் ஓராண்டு உயர்பயிற்சிக்காகச் சிங்கப்பூர் வந்தேன். ‘ஃபெலோ’ என்று பெயர் வைத்தார்கள். டாக்டருக்கும் மாணவனுக்கும் நடுவில் தொங்கும் பிறவி அது. அறுவை அரங்கில் மணிக்கணக்காகக் காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் தேவையென்றால் நான் மாணவன். வார்டில் பெற்றோருக்குப் பதில் சொல்ல ஆள் தேவையென்றால் டாக்டர். இரண்டாவது வேடத்தில் எனக்கு ருசி அதிகம். லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடைக்கு மேலே ஒரு மாடியறையில் குடியிருந்தேன். காலையில் மல்லிகை வாசத்தில் எழுந்து, சாயங்காலம் கிருமிநாசினி வாசத்தோடு திரும்புவேன். தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் தலைமை மருத்துவர் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். அவர் ஒல்லியான சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அவர் பேசாமல் விட்ட இடத்தையெல்லாம் நான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி வந்தவர்தான் அந்த அண்ணன். தோ பாயோவில் வீடு, அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மகளுக்குப் பதினோரு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது முழங்கால் எலும்பில் சீழ் பிடித்து, வளர்ச்சி நின்று, இடது கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை. நீட்டிவிடலாம் என்றோம். முறை கேட்பதற்குக் கொல்லன் பட்டறை மாதிரி இருக்கும். கீழ்க்கால் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, வளையங்களை நான்கு தண்டுகளால் இணைத்து, தண்டுகளில் உள்ள நட்டுகளை ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதில் புது எலும்பு வளரும். திருப்புவது மருத்துவர் இல்லை. வீட்டில், பெற்றவர்கள்தான் திருப்ப வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவால் சதைக்குள் போகும் கம்பிகளைப் பார்க்கவே முடியவில்லை. அண்ணன்தான் முன்வந்தார். மருத்துவமனை கொடுத்த ஸ்பேனரைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “இது வேணாம் டாக்டர், என்னோடதே இருக்கு. கைக்குப் பழகினது லா” என்றார், சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’வோடு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். ஒரு வட்டம், அதைச் சுற்றி ஓர் அம்புக்குறி, கீழே தமிழில் ‘இப்படி’. எலும்பு இன்னும் இரண்டு நாள் ஓய்வாக இருக்க வேண்டியிருந்ததால் நட்டைத் தொடாமல் காற்றில் கையைச் சுழற்றிக் காட்டினேன். அழகான அம்புக்குறி. என் கையெழுத்தைத்தான் திட்டுவார்கள், படம் எனக்கு நன்றாக வரும். ஆனால் நான் நின்றிருந்தது கட்டிலின் கால்மாட்டில். வார்டில் டாக்டர்கள் நிற்கும் இடம் அதுதான். அப்பா உட்காரும் இடமோ தலைமாடு. மகளின் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து, தாளில் உள்ளபடியே திருப்புவார். கீழேயிருந்து பார்த்தால் வலப்பக்கம் சுற்றும் நட்டு மேலேயிருந்து பார்த்தால் இடப்பக்கம் சுற்றும். இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை, எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். இழுத்து நீட்ட வேண்டிய காலை, அவர் நாளுக்கு நான்கு முறை நெருக்கி அழுத்திக்கொண்டிருந்தார்.

திருப்பத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. நான் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் இரண்டு நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “டாக்டர், நட்டு ரொம்ப டைட்டா போகுது. பாப்பா அழுவுது” என்றார். சதை இழுத்துப் பிடிக்கும், டைட்டாக இருந்தால்தான் சரி என்றேன். “இல்ல டாக்டர், இருவது வருஷமா நட்டு திருப்புறேன். இது வேற மாதிரி டைட்டு லா.” அதற்கு நான் சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. “அண்ணே, நீங்க லிஃப்ட்டைப் பாருங்க, காலை நாங்க பாத்துக்கிறோம்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைத்த திருப்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினேன். அண்ணன் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.

குறுக்கே சீனப் புத்தாண்டு விடுமுறை வந்ததால் எக்ஸ்ரே தள்ளிப்போனது. திருப்பத் தொடங்கிய பதினைந்தாம் நாள்தான் வந்தார்கள். படத்தில் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு சமர்த்தாகக் கூடிக்கொண்டிருந்தது. முறிந்த காலுக்கு அப்படி ஒரு படம் வந்திருந்தால் லட்டு கொடுத்திருப்போம். தலைமை மருத்துவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், எப்படித் திருப்புகிறீர்கள், காட்டுங்கள் என்றார். அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான்காக மடித்திருந்த என் தாளை விரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை திருப்பியதற்கும் ஒரு டிக் போட்டிருந்தது, ஒன்றுகூட விடுபடவில்லை. மத்தியான முறைக்காக வேலையிடத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து போயிருக்கிறார். அவர் ஸ்பேனரை எடுத்ததுமே அந்தப் பெண், “அப்பா, வேணாம், பிளீஸ்” என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தலைமை மருத்துவர் தாளைப் பார்த்தார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்து வந்து, அங்கே நின்று, மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளியே கூட்டிப்போய், ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நீங்களே சொல்லுங்கள். இப்போதே. இந்த முறையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.”

உட்கார்ந்தேன். வாய் திறந்ததும் வந்தது வேறு. “சில பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிடும் அண்ணே...” என்று ஆரம்பித்தேன். அது பொய்யில்லை, புத்தகத்தில் இருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, என்னையும் சேர்த்து. அவர் பெருமூச்சு விட்டார். “நான்தான் கை தப்பா வச்சிட்டேனோன்னு நெனச்சேன் டாக்டர். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு” என்றார். இந்த வாக்கியம் மட்டும் வராமல் போயிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பேன் என்று நினைக்கப் பிடிக்கும். “அம்புக்குறியை நான் தப்பாப் போட்டுட்டேன் அண்ணே. நீங்க போன்ல சொன்னது சரி. மறுபடி வெட்டணும்” என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவர் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரைச் சட்டை நுனியில் துடைத்துப் பைக்குள் வைத்தார். “அது அழுதப்பவே நிறுத்தியிருக்கணும்” என்றார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எலும்பை மறுபடி வெட்டினோம். தலைமை மருத்துவர் கத்தியைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். இந்த முறை கம்பி நுழைந்த இடங்களில் சீழ் வைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், பழைய நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும். முடிவில் வளையங்களை முன்கூட்டியே கழற்ற வேண்டியதாயிற்று. நான்கு சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் இரண்டரைதான் கிடைத்தது. மீதி ஒன்றரையைச் செருப்புக்கடைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க. கழற்றிய அன்று அண்ணன் அந்த ஸ்பேனரை என் மேசைமேல் வைத்தார். “இத நீங்களே வச்சிக்குங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு, மகளின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து, உயர்பயிற்சியைச் சிறப்பாக முடித்ததாக, பொன்னெழுத்தில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி, இரண்டு வருடத்தில் வேலைக்காக மறுபடி சிங்கப்பூருக்கே வந்துவிட்டேன். இப்போது எந்தப் பிள்ளைக்கு வளையம் மாட்டினாலும் முதலில் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்துதான் அம்புக்குறி போடுவேன். நட்டைப் பெற்றவர்கள் கையால் ஒருமுறை திருப்ப வைத்துப் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இளம் மருத்துவர்கள் எனக்குத் தலையணை டாக்டர் என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். கடைசியில் ஸ்பேனரைத் துணியிலிருந்து பிரித்து உயர்த்திக் காட்டி, “இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா?” என்று கேட்டு ஓர் இடைவெளி விடுவேன். அந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைப்பார். நானே இரண்டொரு தடவை துடைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே அவர்களைப் பார்த்தேன். பார்த்து எட்டு வருடமாகிவிட்டது. அந்தப் பெண் இரண்டு கையிலும் தட்டைப் பிடித்தபடி கூட்டத்தில் புகுந்து வந்தாள். இடது ஷூவின் அடிப்பாகம் தடிமனாக இருந்தது. இருந்தும் நடையில் ஒரு சாய்வு. பாலிடெக்னிக் படிக்கிறாளாம். “டாக்டர், முடியெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அவள் காலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவள் அதைக் கவனித்து, தானே காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். அந்தச் சின்ன அசைவு எனக்குப் போதுமானதாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அண்ணனிடம் ஸ்பேனரைப் பற்றிச் சொன்னேன். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அன்றைக்கு நீங்கள் அதைக் கொடுத்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்றேன். குரல் லேசாகத் தழுதழுத்தது; வருடா வருடம் பழகிய தழுதழுப்பு.

அவர் தட்டிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“அதுவா? மொத ரெண்டு வாரம் அந்த டைட்டுல திருப்புனதுலயே அதுக்கு வாய் விரிஞ்சு, நட்டைப் பிடிக்காமப் போச்சு டாக்டர். அப்புறம் புதுசு வாங்கித்தான் திருப்புனேன். அன்னிக்கு உங்க ரூம்ல குப்பைத்தொட்டி எங்கன்னு தெரியல, அதான் மேசையில வச்சேன்” என்றார். பிறகு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர்போல என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத்தன வருஷத்துல ஒரு நட்டுல கூடவா வச்சுப் பாக்கல?”