அண்ணன் நிறுத்தி வைத்த ஆட்டம்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அழுது முடித்து, அலுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு தங்கை எழுதுகிறேன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மடுல்கெல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா காலமானதும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்குக் குடிவந்தார். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணன் கண்டி நகரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஆசிரியையாக்கியது அந்தச் சம்பளம்தான். அவர் சிகரெட்டோ சாராயமோ தொட்டதில்லை. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் டீவி கேம். "இதையெல்லாமா மலரில் போடுவார்கள்?" என்று மாமா கேட்டார். போடாவிட்டால் நான் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த பின் வந்த முதல் தீபாவளிக்கு அவர் வாங்கி வந்த கேம் பெட்டியில் கெசட் செருக வேண்டும். படம் வராவிட்டால் கெசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் ஆடியதெல்லாம் போய்விடும். அதனால் பாதி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போவார், வந்து தொடர்வார். அங்கேதான் அம்மா குறுக்கே வருவார். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பக்கத்துக் காம்பராவின் ரேடியோவை மின்னல் எரித்ததை நேரில் கண்டவர் அவர். கண்டியின் பின்னேர மழைக்குச் சொல்லவா வேண்டும்? தூரத்தில் இடி உருண்டாலே வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்.

"அம்மா, கடைசிக் கட்டம்மா!"

"வீடு எரிஞ்சா எந்தக் கட்டத்துல போயி குந்துவ?"

அண்ணன் கோபித்துக்கொண்டதில்லை. "சரி பாப்பா, மொதல்லருந்து வருவோம்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

பிறகு சீடி போடும் பெட்டி வந்தது, கூடவே மெமரி கார்டும் வந்தது. அம்மாவையே ஜெயித்துவிட்டதாக அண்ணன் பூரித்துப்போனார். அதன் பின்னர் வந்தவற்றில் கன்ட்ரோலருக்கு வயர் இல்லை. கடைசியாக வாங்கியதற்கு சீடியும் வேண்டாம், எல்லாம் இன்டர்நெட்டில் இறங்கும். ஆட்டத்தை நிறுத்தி உறங்க வைத்தால், விட்ட இடத்திலிருந்தே எழும்பும். ஆனால் அதற்குக் கரண்ட் இருக்க வேண்டும். சதுரம் சதுரமாய் ஓடிய பொம்மைகள் வியர்வை தெரியும் மனிதர்களாகிவிட்டன. எந்தப் பெட்டி வந்தாலும் இரண்டாவது கன்ட்ரோலர் எனக்குத்தான். எந்தப் பெட்டியிலும் நான் அண்ணனை ஜெயித்ததில்லை. அவர் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். "பாவம் பாத்தா அது வெளயாட்டா பாப்பா?" என்பார்.

அப்படியிருந்தவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. இரத்தத்தைச் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அந்தக் களைப்பு இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. பெட்டிகளில் வயர் குறைந்துகொண்டே வர, அண்ணனின் கையில் குழாய்கள் கூடிக்கொண்டே போயின. விரல்கள் மரத்துப்போயின.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் கால்பந்து ஆடினோம். அண்ணனின் பெருவிரல் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பந்து என் ஆட்களிடமே வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கோல் போட்டுவிட்டேன். போட்ட பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் த்ரீவீல் வந்து ஹோர்ன் அடித்தது. அண்ணன் ஆட்டத்தை நிறுத்தி உறங்க வைத்தார்.

"வந்து பாத்துக்கிறேன். கை வைக்காத."

"வைக்கல அண்ணே. நீங்க வாங்க."

அவரைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கருமாதி முடியும் வரை துக்க வீட்டில் டீவி போடுவதில்லை. யாரோ அதை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்கள். துணிக்குக் கீழே கேம் பெட்டியின் சின்ன வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நான் ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறேன். வந்தவர்கள் அண்ணனின் படத்தைப் பார்த்தார்கள், நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்த பிறகு என்ன செய்வது? ஆடி முடித்தால், எதிரே ஆளில்லாமல் அண்ணனைத் தோற்கடித்தவளாவேன். அழித்தால், அவர் கை கடைசியாகப் பட்டதை அழித்தவளாவேன். அந்த யோசனையில் சோறு இறங்கவில்லை.

கருமாதியன்று பந்தலில் சாப்பாடு பரிமாறும்போது வானம் இருட்டி, இடி இடித்தது. படையலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா விருட்டென்று எழுந்தார். நான் ஓடிப்போவதற்குள் துணிக்குப் பின்னால் கையைவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டார். வெளிச்சம் அணைந்தது. அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, புள்ள நிப்பாட்டி வச்சிட்டுப் போனானே!" என்று தரையில் சரிந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், நேரம் காலம் பாராமல் வந்த த்ரீவீல் தம்பிக்கும், அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு சிங்கள அக்காவுக்கும், பந்தல் போட்டதிலிருந்து பாத்திரம் கழுவியது வரை கூடநின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மிச்ச நன்றி அம்மாவுக்கு. அம்மா, இந்த ஒரு வருடமாக அந்த பிளக்கை நினைத்தே அழுகிறீர்கள். போதும். அந்த ஆட்டம் இப்போது எங்கேயும் இல்லை, என் கோலும் இல்லை. உங்கள் பிள்ளை என்னிடம் தோற்காமலே போய்விட்டார்.

தங்கை