தெமிர்கானின் பனிச்சரிவுப் பாடம்

தெமிர்கான் இருபது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் கேண்டீன் சமையல்காரர். சுரங்கத்தை மூடியபோது ஊரில் அவரிடம் மட்டும்தான் ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகை இருந்தது. அந்த ஒரே தகுதியில் மலை வழிகாட்டி ஆகிவிட்டார். குளிர்காலத்தில் வரும் வெளிநாட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பனிச்சரிவைப் பற்றிப் பாடம் எடுப்பார். கஞ்சி கிண்டிய கை என்று தெரியாமல் அவர்களும் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

பாடம் சுருக்கமானது. ராத்திரி பனி உறைந்து இறுகவில்லையென்றால் மறுநாள் மலை கிடையாது. கூரைப்பனி உருகிச் சொட்டினால் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் நான்கு நாள் விடாமல் கூரை சொட்டியது. தெமிர்கான் பாடப்படி தேநீர் குடித்தார். ஊர் அவருக்குப் பயந்தாங்கொள்ளி முயல் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, மனைவி சைரகுலின் ஒரே தம்பி ஓர்மோன்தான். அவனுடைய இருபத்து மூன்று குதிரைகள் மேலே வெயில்பக்கச் சரிவில் பனியைக் கிளறிப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஓநாய்த் தடம் தெரிந்ததால் அவற்றை ஓட்டிவர ஒரு துணை தேடினான்.

"உறையட்டும் மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தெமிர்கான்.

"குதிரை நிக்கிற எடத்துல பனி சரியாது மச்சான். நீங்க பாடம் படிச்சீங்க, அதுங்க படிக்காமலே தெரிஞ்சுவெச்சிருக்கு."

மறுநாள் காலை பக்கத்து வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் போடும் விருந்து. கறி பங்கிட்டவன் ஓர்மோன். யாருக்கு எந்த எலும்பு என்பதில் எங்கள் ஊரில் ஒரு கௌரவமே அடங்கியிருக்கிறது. தெமிர்கான் வயதுக்கு இடுப்பெலும்பு வந்திருக்க வேண்டும். பொடியன்களுக்கு வைக்கும் முன்னங்கால் எலும்பு தட்டில் வந்து விழுந்தது.

"சாப்பிடுங்க மச்சான். ஓடுறதுக்கு ஒத்தாசையா இருக்கும்."

கூடமே சிரித்தது. சைரகுல்கூடத் தலைமுக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பதினோரு வருடம் எடுத்த பாடம் ஒரு எலும்புக்கு முன்னால் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் தெமிர்கான் குதிரைமேல் இருந்தார். வீரமாக மார்பில் கட்டிக்கொண்ட கருவி, பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது. பாதி வழியில்தான் நினைவு வந்தது, அதன் பேட்டரிகளை எடுத்து டிவி ரிமோட்டில் போட்டிருந்தார். போடாமல் இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை. ஓர்மோனிடமும் ஒன்று இருந்தால்தானே அது தேடும்!

மதியம் ஒரு மணி. ஓடைக்கு மேலே சரிவின் குறுக்காகக் குதிரைகள் போன தடம் வரிசையாகக் கிடந்தது. ஓர்மோன் சாட்டையால் காட்டினான்.

"பாத்தீங்களா? இருபத்து மூணும் போயிருக்கு."

தடம் விடியலில் விழுந்தது, அப்போது பனி சற்று இறுகியிருந்திருக்கும். இப்போது தடத்தின் விளிம்புகள் கரைந்து ஈரமாய் மின்னின. மேலிருந்து சின்னச் சின்னப் பனிப்பந்துகள் உருண்டு வந்தன. சரிவுக்கு முன்னறிகுறி என்று வெளிநாட்டுக்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் பனிப்பந்துகள்தான். 'போகாதே' என்ற சொல் தெமிர்கானின் தொண்டைவரை வந்தது. கூடவே கூடத்துச் சிரிப்பும் வந்தது. சொல்லை விழுங்கிவிட்டார்.

முன்னால் போன ஓர்மோன் பாதிச் சரிவைத் தாண்டியபோது மலை ஒருமுறை பெருமூச்சு விட்டது. அப்புறம் சரிவு முழுக்கக் களிமண்போல மெதுவாக, நிற்காமல் இறங்கியது. குதிரை எப்படியோ கால் உதைத்து வெளியே வந்துவிட்டது. ஓர்மோனைக் காணோம்.

தெமிர்கான் அழுதுகொண்டே ஓடினார். சைரகுலின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது மட்டுமே மண்டைக்குள் இருந்தது. ஓடையோரம் ஒரு சாட்டைக்கம்பு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குதிரைக்காரர்கள் சாட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது நல்லதாகப் போயிற்று. கம்பைத் தொடர்ந்து கையைத் தோண்டினார், கையைத் தொடர்ந்து தலையை. ஈரப்பனி சிமெண்டாக இறுகியிருந்தது. இரண்டு நகம் பிய்ந்து போனது. ஓர்மோனின் முகம் நீலம் பாரித்திருந்தது. வாய்க்குள் அடைத்திருந்த பனியை விரல் விட்டு எடுத்த பிறகு இருமினான்.

மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"மச்சான்... வரும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அங்க நிக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவியேன்னு பயந்துட்டேன்."

ஓர்மோன் சிரிக்கப் பார்த்தான். விலா எலும்பு விடவில்லை. ஓர்மோனைத் தாங்கிப் பிடித்தபடி இருவரும் ஒரே குதிரையில் வீடு திரும்பியபோது, இருபத்து மூன்று குதிரைகளும் வேறு வழியாகத் தாமே இறங்கிவந்து வாசலில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

இப்போதெல்லாம் தெமிர்கான் பாடத்தின் முடிவில் இந்தக் கதையையும் சொல்கிறார். கையைக் காலை ஆட்டித் தன்னையே நடித்துக் காட்டுவார். வெளிநாட்டுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தேநீர் ஊற்ற வரும் சைரகுல் மட்டும், 'பயந்துட்டேன்' என்ற இடம் வருமுன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள்.