பச்சாட்டா வகுப்பில் ஒரு கும்பிடு

என் கணவர் தவறிய பிறகு வந்த முதல் பனிக்காலம் அது. ஒஸ்லோவில், பியோர்ண்டாலில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் பச்சாட்டா நடன வகுப்பு தொடங்கியிருந்தார்கள். மகள் என்னை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனாள்.

“வீட்டுக்குள்ளையே கிடந்தா உங்களுக்கு விசர் பிடிச்சிடும் அம்மா. சும்மா வந்து பாருங்கோ.”

தாலி கழற்றியவள் டான்ஸ் ஆடுகிறாள் என்று கோயிலில் கதைப்பார்களே என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய கரைச்சல் வேறு இருந்தது. எங்கள் ஆட்கள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க மாட்டார்கள். இவரும் கோடை முழுக்க எனக்கு முன்னே விறுவிறென்று போவார். பனியில் வீதி உறைந்தால் மட்டும், “சறுக்கும், கையைத் தாரும்” என்பார். அது கையைப் பிடிக்க ஒரு சாட்டு என்று இருவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலும் கடைசிவரை என்னுடைய அந்தக் கையைத்தான் பிடித்திருந்தார். பிறகு அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மகள் கேட்டாலும் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

வகுப்பில் பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாற வேண்டுமாம். ஒரு நோர்வேக்காரர் கை நீட்ட, நான் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டேன். அவரும் பாவம், இதுவும் நடனத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவரும் கும்பிட்டார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடனம் சொல்லித்தந்த டொமினிக்கன் நாட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். இந்தப் பாட்டுகள் முன்பு அவள் நாட்டு மதுக்கடைகளில் ஏழைகள் கிற்றாரோடு பாடியவையாம். விட்டுப்போனவர்களை நினைத்து அழும் பாட்டுகள். கசப்பு என்றே அவற்றுக்கு ஒரு பெயராம். கௌரவமான வீடுகளில் இவற்றைக் கேட்கவே விடமாட்டார்களாம். பிழைக்கப் போனவர்கள் நியூயோர்க்குக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகமே ஆடத் தொடங்கியதாம்.

“இது ஏங்குவதற்கான பாட்டு. ஏங்கிக்கொண்டே ஆடலாம்,” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

அடுத்த பாட்டுக்கு அவளே கை நீட்டினாள். கொடுத்தேன். இன்னொருவரின் சூடு உள்ளங்கையில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. போய்விட்ட என் அவர் வேண்டும்போல் இருந்தது. அழுதுகொண்டே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடி வைத்தேன். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

வெளியே வந்தால் வீதி உறைந்து கிடந்தது. நான் கை தரமாட்டேன் என்று பழகிப்போன மகள், முன்னே நடக்கத் தொடங்கினாள்.

“சறுக்கும், கையைத் தா பிள்ளை,” என்றேன்.

வீதி உறையும்போதெல்லாம் இன்றும் நான் முதலில் அவருடைய கையைத்தான் தேடுகிறேன். ஆனால், என் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு அல்ல.