ஒன்பது சிலிண்டரும் ஒரு மூக்கும்

அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புக் கட்டியவன், ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டு விமான என்ஜின் செய்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் செய்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய போர் விமான என்ஜின் ஒன்றின் மாதிரி, அசலில் கால் பங்கு அளவு. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். ஓடும்போது முன்னாலிருக்கும் விசிறியோடு ஒன்பது சிலிண்டர்களும் சேர்ந்தே சுற்றும்.

அதற்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். உள்ளே போனது திரும்பி வராது. பாதி புகையாகும், மீதி ஓட்டுகிறவன் மூஞ்சியில் தெறிக்கும். அந்தக் காலத்து விமானிகளுக்கு அதனாலேயே பேதி பிடுங்குமாம். எங்கள் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் புகட்டியதை அவர்கள் ஆகாயத்தில் ஓசியில் குடித்திருக்கிறார்கள்.

என் மனைவிக்கு அந்த வாடை ஆகவே ஆகாது. என்ஜின் கிளம்பினால் அடுக்களையிலிருந்து அவளும் கிளம்புவாள்.

"இது வீடா, செக்கடியா? கொடலப் பெரட்டுது. குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும், சொல்லிட்டேன்!"

அப்படி ஒரு மூக்கு அவளுக்கு. சொதி கொதிக்கும்போதே வாசத்தை வைத்து உப்புப் போதாது என்பாள்.

அவளுக்குக் கொரோனா வந்து போனபோது அந்த மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் பாத்திரத்தை என்னிடம் நீட்டி, "கெட்டுப்போச்சான்னு பாருங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் எண்ணெய்ச் சட்டையோடு அடுக்களைக்குள் போய் நின்றாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவள் திட்டாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ஜினைத் தொடவும் மனசு வரவில்லை.

"வந்தாலும் வரும், வராமலும் போகலாம். தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று மோந்து பார்க்கட்டும்" என்றார் டாக்டர். நான் விளக்கெண்ணெய்ப் பாட்டிலையும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவு வெறுத்த வாடை, முதலில் அதுதான் திரும்பி வரும் என்று என் கணக்கு. காலையில் காப்பிக்கு முன்னால் மூடியைத் திறந்து நீட்டுவேன்.

"தெரியுதா?"

"இல்லைங்க."

எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது. "வாரப்ப வரட்டும். நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கீங்க?"

போன ஆவணியில் ஒருவழியாக என்ஜினைப் பிரித்தேன். சும்மா கிடந்ததில் விளக்கெண்ணெய் காய்ந்து வால்வுகளில் பிசினாக ஒட்டியிருந்தது. இதே கிறுக்குப் பிடித்த கோயம்புத்தூர் நண்பர் போனில், "செயற்கை எண்ணெய்க்கு மாறிடுங்க. பிசினும் இல்லை, வாடையும் இல்லை" என்றார். சரி என்று மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை, எண்ணெய் விஷயமெல்லாம் அவளிடம் என்ன சொல்வது?

காலை வெயிலில் என்ஜினை மேசையில் திருகாணி போட்டு இறுக்கி, விசிறியைத் தட்டினேன். ஏழாவது தட்டில் பிடித்துக்கொண்டு, ஒன்பதும் ஒரே வட்டமாகச் சுற்றியது. அவள் பின்வாசலுக்கு வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாடி! ஆரம்பிச்சாச்சா? வெளக்கெண்ண நாத்தம் தாங்கல!"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. என்ஜினை நிறுத்தினேன். "நெசமாவா? தெரியுதா?"

"பின்ன? ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் மேசை மேலிருந்த புது எண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. என்ஜினுக்குள் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் கிடையாது. நான் நிமிர்ந்தபோது அவள் என்ஜினைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிச்சிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே அந்த டப்பாவைக் கட்டி நண்பருக்கு அனுப்பிவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்தேன். வால்வு ஒட்டிக்கொள்ளும், மாசம் ஒருதரம் பிரித்துத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டுப் போகிறேன். அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.